தீவு மேடையின் அளவு எங்கிருந்து வருகிறது?

8 அடிக்கு 7 அடி அடுப்படியில் சாம்பார், ரசம், இரண்டு பொரியல், அப்பளம் என்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிற கைக்காரர்கள்கூட, புதிதாகக் கட்டிய பெரிய வீட்டுக்குக் குடிபோன பிறகு அதே சமையலுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்கிறார்கள். கால் கடுக்கிறது என்கிறார்கள். அடுப்பு முன்பைவிட நல்ல அடுப்பு. வெளிச்சத்துக்கும் குறைவில்லை. மாறியது ஒன்றுதான்: சமையலறை இப்போது 20 அடிக்கு 24 அடி. இடம் கூடினால் வேலை எளிதாக வேண்டும். ஏன் கடினமாகிறது?

அந்தப் பெரிய அறையின் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல் நிற்கும் மேடைக்குக் கிச்சன் ஐலண்ட் என்று பெயர். தீவு மேடை என்று சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவின் பெரிய வீடுகளில் அது கிட்டத்தட்டக் கட்டாயம் போல ஆகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை வில்லாக்களிலும் கோவைப் புறநகர் வீடுகளிலும் இப்போது வரைபடத்திலேயே அது வந்துவிடுகிறது. பெரும்பாலும் அதன் அளவை அறையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அறை பெரிது, ஆகவே மேடையும் பெரிது. தவறு இங்கேதான் தொடங்குகிறது. தீவு மேடையின் நீள அகலங்கள் சமைப்பவரின் உடம்பிலிருந்தும், அடுப்பின்மேல் எழும் காற்றிலிருந்தும் வர வேண்டியவை. இரண்டையும் நூறு ஆண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

1912-இல் கிறிஸ்டீன் ஃப்ரெடரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகையில் ஒரு தொடர் எழுதினார். தொழிற்சாலைகளில் ஃப்ரெடரிக் டெய்லர் நடத்திவந்த வேலை அளவீட்டை அவர் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். ஒரு வேளைச் சமையலுக்கு எங்கிருந்து எங்கே நடக்கிறோம் என்பதைச் சமையலறை வரைபடத்தின்மேல் கோடுகளாக வரைந்து காட்டினார். மோசமான அமைப்பில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. நல்ல அமைப்பில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரிசையாகப் போயின. அவருடைய எழுத்தால் தூண்டப்பட்ட கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 1926-இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவில் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் வாங்குவதன் மூதாதை அந்தச் சிறிய அறைதான்.

அளவீட்டை இன்னும் கூர்மையாக்கியவர் லில்லியன் கில்பிரெத். பன்னிரண்டு பிள்ளை பெற்ற பொறியாளர். அவரும் கணவர் ஃபிராங்கும் தொழிலாளியின் விரலில் சின்ன மின்விளக்கைக் கட்டி, இருட்டறையில் கேமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுத்தார்கள். படத்தில் ஆள் மங்கிவிடுவார். கை போன பாதை மட்டும் வெள்ளைக் கம்பி போல விழும். எந்த அசைவு வீண் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1924-இல் கணவர் இறந்த பிறகு லில்லியன் இந்த முறையைச் சமையலறைக்குத் திருப்பினார். ஒரே பலகாரத்தைப் பழைய அமைப்பிலும் அவருடைய அமைப்பிலும் செய்து எண்ணிப் பார்த்தபோது, நடந்த காலடிகள் 281-இலிருந்து 45 ஆகக் குறைந்தன. சாமான்கள் அதே சாமான்கள்தாம். அவை நின்ற இடம் மட்டும் மாறியிருந்தது.

இந்த வழியில் வந்ததுதான் பணி முக்கோணம் என்ற கருத்து. ஃப்ரிட்ஜ், சிங்க், அடுப்பு ஆகிய மூன்றையும் மூன்று புள்ளிகளாக வைத்துக் கோடிழுத்தால் வரும் முக்கோணம் அது. 1940-களில் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையினர் இதற்கு அளவு சொன்னார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமல் 9 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சேர்ந்து 13 அடியிலிருந்து 26 அடிக்குள் அடங்க வேண்டும். 13-க்குக் கீழே போனால் முட்டிக்கொள்வோம். 26-க்கு மேலே போனால் நடந்தே களைப்போம். சிறிய வீட்டுக்காரர்கள் முதல் எண்ணோடு போராடுகிறார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் இரண்டாவது எண்ணைத் தாண்டிவிட்டது தெரியாமலேயே வாழ்கிறார்கள். 24 அடிச் சுவரின் ஒரு கோடியில் ஃப்ரிட்ஜையும் மறுகோடியில் அடுப்பையும் வைத்தால் ஒரு பக்கமே 20 அடியைத் தொட்டுவிடும்.

இந்த நோய்க்கு மருந்தாகத்தான் தீவு மேடை வந்தது. எதிரெதிர்ச் சுவர்கள் விலகிப் போனதால் நடுவில் ஒரு மேடையை நிறுத்தி, சிங்க்கையோ நறுக்கும் இடத்தையோ அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளலாம். அறை எவ்வளவு பரந்தாலும் சமையல் நடக்கும் வட்டம் சிறியதாகவே இருக்கும். ஆனால் அதே மேடையை இடம் தவறி வைத்தால் மருந்தே நோயாகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வடக்குச் சுவரில் ஃப்ரிட்ஜ், தெற்குச் சுவரில் அடுப்பு, இடையே 12 அடி தரை. நடுவில் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு மேடை குறுக்கே படுத்திருக்கிறது. இரு பக்கமும் 4 அடி வழி. நேராக நடந்தால் 12 அடி. மேடையின் முனையைச் சுற்றி, இடுப்பு இடிக்காமல் ஓரடி தள்ளி நடந்தால் 18 அடிக்கு மேல். மல்லித்தழை எடுக்க, தயிர் எடுக்க, மீந்ததை உள்ளே வைக்க என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தச் சுற்று என்று சமைப்பவருக்குத் தெரியும். அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறைச் சங்கத்தின் வழிகாட்டுதல் இதற்காகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: முக்கோணத்தின் எந்தக் கோடும் தீவு மேடையை 12 அங்குலத்துக்கு மேல் வெட்டிக்கொண்டு போகக் கூடாது. மேடையை நீளவாக்கில் திருப்புவது, ஃப்ரிட்ஜை அதன் முனைக்கு நேரே கொண்டுவருவது, இல்லையென்றால் மேடையின் நீளத்தையே 3 அடி குறைப்பது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாமே காகிதத்தில் இருக்கும்போது செலவில்லாதவை.

முக்கோணத்தை வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஆள் சமைக்கும் வீட்டை நினைத்துச் சொன்ன கணக்கு அது. பெரிய வீட்டில் ஒருவர் அடுப்பில் நிற்க, ஒருவர் காய் நறுக்க, ஒருவர் பாத்திரம் கழுவுவது வழக்கம். அங்கே கழுவும் இடம், நறுக்கும் இடம், அடுப்பு என்று வட்டாரங்களாகப் பிரிப்பதே சரி. இதில் அதிகம் ஏமாற்றப்படுவது நறுக்கும் இடம். தண்ணீருக்குப் பக்கத்திலேயே, தடையில்லாமல், 36 அங்குல நீளமும் 24 அங்குல ஆழமும் கொண்ட வெற்று மேடை வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். நம் சமையலில் கையின் நேரம் அதிகம் போவது கீரை ஆய்வதிலும் வெங்காயம் உரிப்பதிலும் தேங்காய் துருவுவதிலும்தான். ஆகவே தீவு மேடையின் மிகச் சிறந்த பகுதி அந்த 3 அடிக்குப் போக வேண்டும். பூச்சாடியும் பழக்கூடையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

மேடையைச் சுற்றி விடும் வழி எவ்வளவு? ஒருவர் சமைக்கும் வீட்டில் 42 அங்குலம், இருவர் சமைத்தால் 48 அங்குலம் என்பது நடைமுறை. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. டிஷ்வாஷரின் கதவைக் கீழே இறக்கினால் அது 2 அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொள்ளும். அதன்முன் ஒருவர் குனிந்து நிற்க வேண்டும். ஒருவர் அடுப்பைப் பார்த்து நிற்க, அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் கொதிக்கும் குக்கரோடு கடக்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் அந்த எண் வந்து நிற்கும். இடம் தாராளமாக இருக்கிறதே என்று 6 அடி விட்டால் வேறு தொல்லை. 4 அடி வழியில் அடுப்பிலிருந்து திரும்பி ஓரெட்டு வைத்தால் கை மேடையில் இருக்கும். 6 அடியில் திரும்புவது நடையாக மாறிவிடும். கையில் இருப்பது சூடான எண்ணெய்ச் சட்டியாக இருந்தால் அந்தக் கூடுதல் 2 அடி ஆபத்தும்கூட.

அடுத்தது கை. மேடை முன் நின்று, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து முன்கையை மட்டும் வளைத்தால் ஒரு சின்ன அரைவட்டம் கிடைக்கும். கையை முழுக்க நீட்டினால் பெரிய அரைவட்டம் கிடைக்கும். இந்த இரண்டையும் அளந்து, அன்றாடம் தொடும் பொருள் சின்ன வட்டத்துக்குள்ளும் எப்போதாவது தொடும் பொருள் பெரிய வட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று தொழிற்கூட ஆய்வாளர்கள் 1930-களிலேயே எழுதினார்கள். பெரிய வட்டத்தின் எல்லை பெரும்பாலானவர்களுக்கு 2 அடி அளவில் முடிந்துவிடும். இரு பக்கமிருந்தும் 2 அடி என்றால் மேடையின் அகலம் 4 அடி. அதைத் தாண்டி 5 அடி, 6 அடி என்று போகும் ஒவ்வொரு அங்குலமும் யார் கையும் எட்டாத கல். துடைக்க வேண்டுமென்றால் மேடைமேல் வயிற்றைச் சாய்த்துக் கவிழ வேண்டும். கல்லின் சந்தை அளவும் இதையே சொல்கிறது. கிரானைட் பலகைகள் பொதுவாக 9, 10 அடி நீளத்திலும் 5 அடி அகலத்திலும் வரும். அதைவிடப் பெரிய மேடைக்கு ஒட்டு வந்துவிடும். ஒட்டில் எண்ணெயும் மஞ்சளும் குடியேறும். எடையையும் நினைக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் தடிமனில் 10 அடிக்கு 4 அடிக் கல் ஏறத்தாழ 300 கிலோ. மாடியில் சமையலறை என்றால் கட்டடப் பொறியாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டிய எடை இது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க மேடைகளின் வழக்கமான உயரம் 36 அங்குலம். பட்டியலைப் பார்த்து இங்கேயும் அதையே போட்டுவிடுகிறார்கள். நறுக்கும் வேலைக்கு மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். மாவு பிசைய இன்னும் கீழே. 5 அடி உயரமுள்ள பெண்ணின் முழங்கை சுமார் 37 அங்குலத்தில் இருக்கும். அவருக்கு ஏற்ற மேடை 32, 33 அங்குலம். 36 அங்குலத்தில் தோளைத் தூக்கியபடியே நறுக்குவார். மாலையில் கழுத்து வலிக்கும். 6 அடி 2 அங்குலம் உயர்ந்த சமையல் நிபுணர் ஜூலியா சைல்டுக்கு நேர்மாறான சிக்கல். அவருடைய மேடைகளை 38 அங்குலத்துக்கு உயர்த்தி அமைத்தார்கள். அந்தச் சமையலறை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்படியே இருக்கிறது. தீவு மேடை புதிதாகக் கட்டுவது, எதனோடும் ஒட்டாமல் நிற்பது. அதில் ஒரு பகுதியை மட்டும் சமைப்பவரின் முழங்கைக்கேற்பத் தாழ்த்திக் கட்ட எந்தத் தடையும் இல்லை.

இனி மிகப் பெரிய கேள்வி: அடுப்பைத் தீவு மேடையில் வைக்கலாமா? விருந்தினரைப் பார்த்தபடி சமைக்கலாம் என்று பலருக்கு ஆசை. அந்த ஆசையைக் காற்றின் இயற்பியல் எப்படி நடத்துகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, ஓர் ஊதுபத்தியை ஏற்றிவைத்து விலகி நின்று பாருங்கள். புகை நூல் பிடித்தாற்போல் நேராக எழும். ஒரு சாண் போனதும் நெளியும். அப்புறம் சுருள் சுருளாகக் கலைந்து அகன்றுவிடும். இப்போது பக்கத்தில் சாதாரணமாக நடந்து போங்கள். மொத்தப் புகையும் உங்கள் பின்னால் இழுபடும். அடுப்பின்மேலும் நடப்பது இதுவே, அளவு மட்டும் பெரிது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே எழுகிறது. எழும்போது சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்றை எல்லாப் பக்கமும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அதனால் உயரே போகப் போகப் பருக்கிறது, ஆறுகிறது. இதற்கு வெப்பத் தூண் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும் என்பதை 1956-இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லரும் மார்ட்டன், டர்னர் என்ற இரு ஆய்வாளர்களும் எளிய ஒரு விதியாகச் சொன்னார்கள்: தூண் எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறதோ, அந்த வேகத்துக்கு விகிதமாகப் பக்கத்துக் காற்று உள்ளே வரும். எரிமலைப் புகைக்கும் ஆலைப் புகைபோக்கிக்கும் அடுப்புக்கும் இந்த ஒரே விதி பொருந்துகிறது.

அடுப்பு சுவரோரம் இருக்கும்போது என்ன ஆகிறது? பின்பக்கமிருந்து காற்று வர வழியில்லை. முன்பக்கக் காற்று மட்டும் உள்ளே பாய்வதால் தூண் சுவர்ப் பக்கம் சாய்ந்து, சுவரைத் தழுவியபடி மேலேறுகிறது. சுவரே புகையைச் சிம்னிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தீவு மேடையில் அந்தத் துணை இல்லை. நாலாபுறமும் காற்று இழுத்துத் தூண் அதிகம் பருக்கிறது. மின்விசிறியோ ஏசியோ கடந்து போகும் பிள்ளையோ அதைத் தள்ளிவிடலாம். சமையல் புகை ஏறும் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. நாம் நடக்கும் வேகம் அதைவிட அதிகம். போதாக்குறைக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரிய வேண்டும் என்று தீவு மேடைச் சிம்னியை இன்னும் உயரத்தில் மாட்டுகிறார்கள். தூண் அதற்குள் இன்னும் பருத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத காற்றைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு வழி, ஷ்லீரன் படமுறை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியைச் சற்றே வேறுவேறு அளவில் வளைக்கும். கோடை மதியத்தில் தார்ச் சாலைமேல் கானல் அலைவது அதனால்தான். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் டோப்லர் 1864-இல் இந்த வளைவைக் கூர்மையான படமாகப் பிடிக்கும் கருவியை அமைத்தார். அதே முறையில் இன்று வாணலியிலிருந்து எழும் தூண் சிம்னியின் விளிம்பைத் தாண்டி வழிவதைத் திரையில் பார்க்கலாம். இரண்டாவது வழி, கணக்கு வைப்பது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் வாயு அடுப்பை எரியவிட்டு, எரிந்த வாயுவுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பிறகு சிம்னிக் குழாய் வழியாக அதில் எவ்வளவு வெளியே போயிற்று என்று அளந்தார்கள். இந்த விகிதம்தான் கவர்திறன். வீட்டுச் சிம்னிகளின் கவர்திறன் 15 சதவீதத்துக்கும் கீழிருந்து 98 சதவீதத்துக்கு மேல்வரை பரந்து கிடந்தது. விளம்பரத்தில் உறிஞ்சு திறனை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்னொன்றும் தெரிந்தது: பின்பக்க பர்னரின் புகை நன்றாகச் சிக்கியது, முன்பக்க பர்னரின் புகை நழுவியது. தீவு மேடையில் நாலு பர்னருமே ஒருவகையில் முன்பக்க பர்னர்தான்.

இதை ஈடுகட்ட முடியாதா என்றால், முடியும், விலை கொடுத்து. அமெரிக்காவின் வீட்டுக் காற்றோட்ட நிறுவனம் சுவரோரச் சிம்னிக்கு அடுப்பின் நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை இழுக்கச் சொல்கிறது. தீவு மேடைக்கு 150. மூன்றடி அடுப்புக்கு 450 கன அடி. நம் ஊர்ச் சிம்னிப் பெட்டியில் அச்சிடும் கணக்கில் மணிக்குச் சுமார் 765 கன மீட்டர். சிம்னியின் அகலமும் அடுப்பைவிட இரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக வேண்டும். குழாய் கூரை வழியாக வெளியே போயாக வேண்டும். புகையைக் கரி வடிகட்டியில் செலுத்தி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை வேண்டாம். சூடும் ஈரமும் அப்படியே தங்கிவிடும். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வரவும் வேண்டும். ஜன்னல்களைச் சாத்தி ஏசி போட்ட அறையில் அதற்கு வழி இல்லாவிட்டால் சிம்னி சத்தம் போடும், காற்று நகராது. எரிபொருளில் இயங்கும் சில வகைக் கருவிகள் உள்ள வீட்டில், நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் சிம்னிக்கு ஈட்டுக் காற்று வழி கட்டாயம் என்று அமெரிக்க வீட்டுக் கட்டட விதியே சொல்கிறது.

சிம்னி தொங்கி அழகைக் கெடுக்கிறதென்று, புகையைக் கீழ்நோக்கி இழுக்கும் கருவியை அடுப்பின் பக்கத்திலேயே பதிப்பவர்களும் உண்டு. ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம். ஒரு சாண் தள்ளி நின்று உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். ஊதும் காற்று ஒரு திசையில் திரண்டு போகும். உறிஞ்சும்போது காற்று எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் சற்றுத் தள்ளியதுமே வேகம் செத்துவிடும். தோசைக்கல்லைப் போலத் தட்டையான பாத்திரத்துக்கு இந்தக் கருவி ஒருவாறு உதவும். உயரமான குழம்புச் சட்டியின் வாயிலிருந்து எழும் புகை அதன் பிடிக்கே வராது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நாள்தோறும் கடுகு தாளித்து, மிளகாய் வற்றல் வறுத்து, அப்பளம் பொரிக்கும் வீட்டில் அடுப்பு சுவரோரமே இருக்கட்டும். சூடான எண்ணெயிலிருந்து எழும் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகக் கூடியவை. அவற்றை மேடைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையின் முகத்துக்கு நேரே விட வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வசதியுள்ள வீடுகளில் இதற்கு நெடுநாளாக ஒரு தீர்வு உண்டு. தாளிப்பும் பொரிப்பும் ஜன்னலோரத்து ஈரச் சமையலறையில் நடக்கும். தீவு மேடை உள்ள உலர் சமையலறையில் காப்பி, ரொட்டி, பரிமாறல் நடக்கும். தீவில் அடுப்பு வேண்டவே வேண்டும் என்பவர்கள் பால் காய்ச்சவும் இட்லி வைக்கவும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அப்போதும் அதன் பின்னால் 9 அங்குலமாவது கல் மிச்சம் விட வேண்டும்.

தீவுக்குச் சிங்க்கே பொருத்தமான குடித்தனக்காரர். ஆனால் அதற்கும் மறைவான ஒரு தேவை இருக்கிறது. சிங்க்கின் கீழே வளைந்த குழாயில் சில அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்த நீர்ப்பூட்டுதான். சிங்க் நிறையத் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கினால் குழாய் முழுதும் நிரம்பி, போகிற தண்ணீர் பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பூட்டு காலியாகும். இதைத் தடுக்கக் குழாயில் எங்காவது காற்று நுழைய வேண்டும். சுவரோரச் சிங்க்கில் அந்தக் காற்றுக் குழாயைச் சுவர் வழியே மேலே கொண்டுபோகலாம். தீவில் சுவர் ஏது? ஆகவே குழாயை மேடையின் அடிப்பக்கம்வரை உயர்த்தி, வளைத்துக் கீழே இறக்கி, தரைக்கடியில் சுவர்வரை கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வைப் பொருத்த வேண்டும். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவும் தேவை. 16 அடி தள்ளி வெளிச்சுவர் என்றால் 4 அங்குலம் இறக்கம். அரிசி கழுவிய நீரும் எண்ணெயும் போகும் குழாய் என்பதால் சுத்தம் செய்யத் திறப்பும் வேண்டும். இவ்வளவும் தரை போடுவதற்கு முன் முடிவாக வேண்டியவை. கான்கிரீட் போட்ட பிறகு பிளம்பரை அழைத்தால் தரையை உடைக்கத்தான் அவருக்குத் தெரியும்.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்துக்கு முன்னால் வேதியியலைப் பாருங்கள். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையோ புளியோ பட்ட இடத்தில் அது கரைந்து பளபளப்பு மங்கும்; எந்தத் துடைப்பாலும் திரும்பாது. புளி இல்லாமல் ஒரு நாள் போகாத வீட்டுக்கு அது ஏற்றதல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வெட்டியெடுக்கும் கிரானைட் இந்தப் புளிப்புக்கு அசையாது. குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ் துகள், மீதி பிசின். வாணலியை அடுப்பிலிருந்து எடுத்து நேரே வைத்தால் அந்தப் பிசின் கருகும். அதைவிட முக்கியமானது, அதை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி. அறுக்கும் தொழிலாளிகளின் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. நோய்க்குள்ளானவர்களில் இளைஞர்கள் பலர் இருந்ததால் 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் பதிக்கவும் தடை விதித்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும், முகமூடி வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால் பட்டறையில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். சொல்லுங்கள்.

கல்லும் முழங்காலும் மோதும் இடம் ஒன்று உண்டு. 36 அங்குல மேடையில் உட்கார்ந்து சாப்பிட, முழங்காலுக்கு 15 அங்குலம் உள்ளிடம் வேண்டும். அதாவது கல் அந்த அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைப்பைத் தாங்காது. நீட்டிய முனையில் ஒருவர் கையூன்றினால் கல்லின் மேற்பரப்பு இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கும். 3 சென்டிமீட்டர்க் கிரானைட்டைத் தாங்கல் இல்லாமல் 10 அங்குல அளவுக்குத்தான் நீட்டலாம். 2 சென்டிமீட்டர் என்றால் 6 அங்குலம். மிச்சத்துக்கு அடியில் இரும்புத் தாங்கி வேண்டும். ஆளுக்கு 24 அங்குல அகலம் விட்டால் 10 அடி மேடையில் ஐந்து முக்காலிகள். அவற்றுக்குப் பின்னால் ஆள் நடக்க 44 அங்குலம் விட வேண்டும்.

இந்த முக்காலிகள் வீண் அலங்காரம் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் 32 குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையைக் கலிபோர்னியா பல்கலைக்கழக மானுடவியலாளர்கள் நேரில் இருந்து பதிவு செய்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில், யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். 2012-இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வில் புள்ளிகள் சமையலறையையும் அதன் பக்கத்து மேசையையும் தொலைக்காட்சியையும் சுற்றியே குவிந்திருந்தன. வரவேற்பறையும் முறையான சாப்பாட்டு அறையும் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தன. பெரிய வீட்டிலும் மனிதர்கள் அடுப்படியைச் சுற்றித்தான் கூடுகிறார்கள். அப்படிக் கூடுகிறவர்கள் சமைப்பவரின் பாதையில் நிற்காமல் மேடையின் மறுபக்கம் உட்கார்ந்தால் பேச்சும் நடக்கும், வேலையும் நடக்கும். ஆகவே உட்காரும் பக்கமும் வேலைப் பக்கமும் வேறு வேறாக இருக்க வேண்டும். அறை உண்மையிலேயே பெரிது என்றால் 12 அடி நீளத்தில் ஒரே மேடை வேண்டாம். 6 அடியில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை வேலைக்கும் ஒன்றை உட்காரவும் விடலாம். நடுவில் கிடைக்கும் வழி ஃப்ரிட்ஜுக்கான குறுக்குவழியாகவும் ஆகும்.

பிளக் பாயின்ட்டை மேடையின் பக்கவாட்டில், கல்லுக்குக் கீழே வைக்காதீர்கள். தொங்கும் வயரைக் குழந்தை இழுத்து, சூடான பாத்திரம் மேலே கவிழ்ந்த விபத்துகள் காரணமாக அமெரிக்காவின் 2023-ஆம் ஆண்டு மின் விதித்தொகுப்பு அதை அனுமதிப்பதில்லை. கல்லின் மேற்பரப்பிலிருந்து எழும்பும் மூடியுள்ள பாயின்ட் கிடைக்கிறது. அதற்கான குழாயும் தரைக்கடியில்தான் வர வேண்டும்.

செங்கல் சுவர் எழும்பியதும், தரை போடுவதற்கு முன், ஒரு நாள் காலையில் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போய் மேடையைத் தரையில் வரைந்துவிடுங்கள். கோட்டின்மேல் அட்டைப்பெட்டிகளை மேடை உயரத்துக்கு அடுக்குங்கள். ஃப்ரிட்ஜ், சிங்க், அடுப்பு இருக்குமிடத்தில் ஒவ்வொரு நாற்காலி. அந்த வீட்டில் உண்மையில் சமைக்கப் போகிறவரை, அது அம்மாவோ மனைவியோ சமையல்கார அம்மாவோ, அழைத்து வந்து ஒரு சாம்பாரை முதலிலிருந்து கடைசிவரை வெறுங்கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள். பருப்பு எடுக்கிறார், கழுவுகிறார், காய் நறுக்குகிறார், குக்கரைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். அவர் எங்கே பெட்டியைச் சுற்றிப் போகிறார், எங்கே இடுப்பால் இடித்துத் தள்ளுகிறார் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். இடித்த பெட்டியை எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அவர் இடிக்காமல், சுற்றாமல் முடிக்கும்போது தரையில் மிஞ்சியிருக்கும் பெட்டிகளின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து, அந்த அளவைக் கல் கடைக்காரரிடம் கொடுங்கள்.